‘நல்லா இருக்கியா’ன்னு மட்டும் கேட்காதீங்க!

போன வாரம் தாராபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகனுக்கு ஜப்பானில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். ‘நீங்கள் அங்கே படித்தவர்தானே, அவனுக்கு என்னென்ன கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு பட்டியல் தாருங்களேன்’ என்று கேட்டிருந்தார்.

பட்டியல் தருகிறேன். அதற்கு முன்னால் என் அம்மா கொடுத்துவிட்ட பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2018 ஏப்ரல் மாதம். சென்டாய் நகரில் உள்ள தோஹோகு பல்கலைக்கழகத்தில் உலோகப் பொறியியல் படிக்க ஈரோட்டிலிருந்து கிளம்பினேன். அம்மா பத்து நாளாகப் பெட்டி அடுக்கினார். பருப்புப்பொடி, சுக்குப்பொடி, புளிக்காய்ச்சல், மூன்று லிட்டர் அலுமினிய குக்கர், சின்ன மிக்ஸி. “சோறு ஆக்க குக்கரும் அரைக்க மிக்ஸியும் இருந்தா எந்த ஊர்லயும் பொழச்சுக்கலாம் கண்ணு” என்றார். அப்பா மட்டும் ஒன்றும் பேசவில்லை. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கல்விக்கடன் வாங்கியிருந்தார். அந்தப் பேச்சை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொண்டோம்.

நரிதா விமான நிலையத்தில் ஒரு தொல்லையும் இல்லை. குடியேற்ற கவுன்ட்டரிலேயே குடியிருப்பு அட்டையை அடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். பகுதிநேர வேலை செய்ய அனுமதியும் அங்கேயே கிடைத்தது. மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். டோக்கியோ போய், ஷின்கான்சென் பிடித்து, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக வடக்கே போனால் சென்டாய். ‘இவ்வளவுதானா ஜப்பான்’ என்று நினைத்துக்கொண்டேன்.

அறையைத் திறந்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. அங்கே வாடகை வீடு என்றால் நாலு சுவர் மட்டும்தான். பல வீடுகளில் கூரையில் விளக்குகூட இருக்காது. மாட்டும் கொக்கி மட்டும் தொங்கும், விளக்கை நாம்தான் வாங்கி மாட்ட வேண்டும். திரைச்சீலை கிடையாது, படுக்கை கிடையாது. குளியலறையிலும் சமையல் மூலையிலும் மட்டும் வெளிச்சம் இருந்தது. வெளியே நாலைந்து டிகிரிக் குளிர். இரண்டு சேலையை விரித்து, இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்தேன்.

காலையில் குக்கரை எடுத்து வைத்தேன். அறையில் இருந்தது இண்டக்‌ஷன் அடுப்பு. அலுமினியப் பாத்திரத்தை அது ஏற்காது. கீச் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. சரி, மிக்ஸி? நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். அது முனகிவிட்டு நின்றுபோனது. அம்மாவின் பத்து நாள் உழைப்பு பத்து நிமிடத்தில் அலமாரிக்குள் போனது.

குளிக்கப் போனால் வெந்நீர் வரவில்லை. கதவுக் கைப்பிடியில் ஜப்பானிய மொழியில் ஒரு சீட்டு தொங்கியது. பல்கலைக்கழக வைஃபையில் மொழிபெயர்த்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வெந்நீர் காஸில் ஓடுகிறது. அந்த எண்ணுக்கு போன் செய்து நேரம் சொன்னால் ஆள் வந்து சோதித்துத் திறந்துவிடுவார். அப்போது நாம் வீட்டில் இருக்க வேண்டும்.

என்னிடம் போன் இருந்தது, எண் இல்லை. எண் வாங்கப் போனேன். முகவரி எழுதிய குடியிருப்பு அட்டையும் வங்கிக் கணக்கும் வேண்டும் என்றார்கள். வங்கிக்குப் போனேன். முகவரியும் போன் எண்ணும் வேண்டும் என்றார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதை!

இந்த முடிச்சு அவிழ்கிற இடம் வார்டு அலுவலகம். வீடு அமைந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் அங்கே போய் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். முதல் நாளே போயிருக்கலாம். நான் போகவில்லை. ஏன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. பயம்தான். ஈரோட்டில் ஆறு மாதம் படித்த ஜப்பானிய மொழி, எதிரே ஆள் நின்று பேசியதும் ஆவியாகிப்போனது. ‘நாளைக்கு இன்னும் கொஞ்சம் படித்துக்கொண்டு போகலாம்’ என்று தள்ளிப்போட்டேன்.

அங்கே பல பல்கலைக்கழகங்களில் புதிதாக வரும் வெளிநாட்டு மாணவருக்கு ஒரு மூத்த மாணவரைத் துணைக்கு வைப்பார்கள். டியூட்டர் என்று பெயர். எனக்கு வாய்த்தவள் என் ஆய்வகத்திலேயே இருந்த ஜப்பானியப் பெண். பார்க்கும்போதெல்லாம் “டைஜோபு?” என்பாள். ‘பிரச்னை ஒன்றும் இல்லையே?’ என்று அர்த்தம். நானும் சிரித்துக்கொண்டே “டைஜோபு” என்பேன். கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே சொல். எவ்வளவு வசதி, பாருங்கள்!

சாயங்காலம் வைஃபையில் அம்மா கூப்பிடுவார். அங்கே மணி நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும்.

“நல்லா இருக்கியா கண்ணு? சாப்ட்டியா?”

“நல்லா இருக்கேன்மா. சாப்ட்டேன்.”

“குக்கர் நல்லா விசில் வருதா?”

“வருதும்மா.”

பன்னும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு இதைச் சொல்வேன். கையில் மிச்சம் 38,000 யென். ஒரு யென் அப்போது ஏறக்குறைய 60 பைசா. முதல் அரையாண்டுக் கட்டணம் 2,67,900 யென் கட்ட வேண்டும். அதற்கான கடன் தவணை ஊரில் தயாராக இருந்தது. அதை வாங்கிக்கொள்ள இங்கே வங்கிக் கணக்குதான் இல்லை. இந்தக் கணக்கே மண்டைக்குள் ஓடியதால், தண்ணீர் காய்ச்ச ஒரு பாத்திரம் வாங்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. தினமும் பச்சைத் தண்ணீரில்தான் குளியல்.

ஏழாம் நாள் நான் வெளியே வைத்த குப்பைப் பை அங்கேயே கிடந்தது. மேலே ஒரு ஸ்டிக்கர். சென்டாயில் வீட்டுக் குப்பைக்குப் பச்சை எழுத்துப் பை, பிளாஸ்டிக் உறைகளுக்குச் சிவப்பு எழுத்துப் பை. அந்தந்தப் பையில், அந்தந்தக் கிழமையில் வைத்தால்தான் எடுப்பார்கள். நான் கடைப் பையில் எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்தேன். தெருவே என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல். மருத்துவக் காப்பீட்டு அட்டையும் அப்போது அதே வார்டு அலுவலகத்தில்தான் வாங்க வேண்டியிருந்தது. அட்டை இல்லாமல் டாக்டரிடம் போனால் எவ்வளவு ஆகுமோ என்று பயம். சுக்குப்பொடியைப் பச்சைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் வழக்கம்போல “டைஜோபு?” என்றாள். “டைஜோபு” என்றேன்.

அவள் நகரவில்லை. தன் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். புதிய மாணவர்கள் செய்ய வேண்டிய வேலைகள் அதில் வரிசையாக இருந்தன. பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“மின்சாரம்?” தலையாட்டினேன். டிக் போட்டாள்.

“தண்ணீர்?” டிக்.

“காஸ்?”

பதில் சொல்ல முடியவில்லை. ‘டைஜோபு’ என்று அதற்குச் சொல்ல வாய் வரவில்லை. காஸ் வந்திருக்கிறது, அல்லது வரவில்லை. நடுவில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

அவள் திட்டவில்லை, ‘ஏன் சொல்லவில்லை’ என்று கேட்கவும் இல்லை. தன் போனிலிருந்து காஸ் அலுவலகத்துக்குப் பேசினாள். அன்று மாலையே ஆள் வந்து கருவியைச் சோதித்து, குழாயைத் திறந்து, என் கையை நீட்டச் சொல்லிக் காட்டிவிட்டுப் போனார். பத்துப் பன்னிரண்டு நிமிட வேலை. அதற்காக ஒன்பது நாள் நடுங்கியிருக்கிறேன்.

காய்ச்சல் விட்டதும், பன்னிரண்டாம் நாள், வார்டு அலுவலகத்துக்கு அவளே கூட்டிப்போனாள். அங்கே ஒரு வேடிக்கை. யாரோ திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரையோ என்று உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது என் அப்பாவின் பெயர்! பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் நமக்கு அப்பா பெயர்தானே இருக்கிறது? அதற்குப் பின்னால் மரியாதைக்கு ஒரு ‘சான்’ போட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா பெயருக்கு நான் எழுந்து நின்றேன்.

எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். “இந்தோ கரா கிமாஷிதா” என்றேன். இந்தோ என்றால் இந்தியா, கரா என்றால் இலிருந்து, கிமாஷிதா என்றால் வந்தேன். நம் தமிழ் வாக்கியத்தின் அதே வரிசை. உருபு பெயருக்குப் பின்னால், வினை கடைசியில். தமிழில் யோசித்து அப்படியே சொல்லை மாற்றிப் போட்டால் பாதி ஜப்பானியம் வந்துவிடுகிறது. இதற்கா பன்னிரண்டு நாள் பயந்தோம் என்றிருந்தது.

அட்டையின் பின்பக்கம் முகவரி ஏறியது. பக்கத்து கவுன்ட்டரில் தேசிய மருத்துவக் காப்பீடு. அது இருந்தால் சிகிச்சைச் செலவில் 30 சதவிகிதம்தான் நம் பொறுப்பு. 20 வயது ஆனவர்கள் ஓய்வூதியத் திட்டத்திலும் சேர வேண்டும். மாணவர் என்று விண்ணப்பித்தால் சந்தாவைத் தள்ளிவைக்கச் சலுகை உண்டு. அதையும் முடித்தோம். அந்த வாரத்துக்குள் போன் எண், வங்கிக் கணக்கு எல்லாம் வந்துவிட்டன.

திரும்பும் வழியில் எங்கள் கதாஹிரா வளாகத்திலேயே ஒரு பழைய மரக் கட்டடத்தைக் காட்டினாள். சீன எழுத்தாளர் லூ சூன் படித்த வகுப்பறை. 1904-ல் சென்டாய் மருத்துவப் பள்ளிக்கு மாணவராக வந்தவர் அவர். அங்கே உடற்கூறியல் கற்பித்த ஃபுஜினோ கென்குரோ என்ற ஆசிரியர், இந்த வெளிநாட்டு மாணவரால் குறிப்பெடுக்க முடிகிறதா என்று பார்க்க, நோட்டைக் கொண்டுவரச் சொல்லி வாங்கினார். திருப்பிக் கொடுத்தபோது சிவப்பு மையில் முழுக்கத் திருத்தியிருந்தார். விட்டுப்போனதைச் சேர்த்திருந்தார், இலக்கணப் பிழைகளைக்கூட விடவில்லை. லூ சூன் 1906-ல் மருத்துவத்தை விட்டுவிட்டு எழுத்துக்குப் போய்விட்டார். ஆனாலும் 20 ஆண்டுகள் கழித்து அந்த ஆசிரியரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் புகைப்படத்தைத் தன் அறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்.

எனக்கு உடனே அந்தத் தாளும் பேனாவும்தான் ஞாபகம் வந்தன. ‘பாடம் புரிகிறதா?’ என்று கேட்டிருந்தால் அந்த மாணவரும் ‘புரிகிறது’ என்று தலையாட்டியிருப்பாரோ என்னவோ. நோட்டைக் காட்டு என்றால் காட்டித்தானே ஆக வேண்டும்?

அன்று ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குக்கர், மிக்ஸி, பச்சைத் தண்ணீர், காய்ச்சல், குப்பைப் பை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“உங்கப்பா ஒரு வாரமா தூங்கல கண்ணு. ‘புள்ள குரலே சரியில்ல, கேளு’ன்னு சொல்லிட்டே இருந்தாரு. நாந்தான், கேட்டு நீ அழுதுட்டா என்ன பண்றதுன்னு கேக்கல.”

நான் அவர்களுக்காக மறைத்தேன். அவர்கள் எனக்காகக் கேட்காமல் இருந்தார்கள். நடுவில் ஒரு காய்ச்சல்.

தாராபுரம் அம்மாவுக்கு இப்போது பட்டியல். குக்கர் கொடுப்பதானால் இண்டக்‌ஷனுக்கு ஏற்ற அடிப்பாகம் உள்ள ஸ்டீல் குக்கராகக் கொடுங்கள். மிக்ஸி வேண்டாம். 3-க்கு 4 சென்டிமீட்டர் அளவில் புகைப்படங்கள் பத்துப் பன்னிரண்டு. முதல் மாதச் செலவுக்கு யென் ரொக்கமாக. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை என்றால் டாக்டர் சீட்டோடு ஒரு மாதத்துக்குள் அடங்கும் அளவு. சூடோஎஃபெட்ரின் அதிகமுள்ள ஜலதோஷ மாத்திரைகளுக்கு அங்கே தடை உண்டு, பார்த்து வாங்குங்கள். ஆசையாக உப்புக்கண்டம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். இறைச்சி எதையும் விமான நிலையத்தில் விட மாட்டார்கள். சான்றிதழ் இல்லாத பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதிதான்.

இதெல்லாம் பெட்டிக்கு. போனுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதைப் பையனிடம் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

‘நல்லா இருக்கியா’ என்று மட்டும் கேட்காதீர்கள். நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வான். வெந்நீர் வருதா? கீழே என்ன விரிச்சுப் படுக்கறே? வார்டு ஆபீஸ் போயிட்டு வந்தியா? காப்பீடு வாங்கியாச்சா? கையில எவ்வளவு பணம் இருக்கு? நிலநடுக்கம் வந்தா எங்க போகணும்னு காட்டினாங்களா? இப்படிக் கேளுங்கள். ‘இல்லை’ என்று பதில் வந்தால் பதறாமல், ‘யாரைக் கேட்டா நடக்கும்?’ என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

என் அம்மா அதன் பிறகு இரண்டு வருஷமும் போனை எடுத்ததும் ஒரே கேள்விதான் கேட்டார். “இன்னிக்கு என்ன குப்பை கண்ணு?”

செவ்வாய், வெள்ளி பச்சைப் பை. புதன்கிழமை சிவப்புப் பை. ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு சென்டாயின் குப்பைக் கிழமைகளை மனப்பாடமாகச் சொல்வார். செவ்வாய்க்கிழமை காலையில் நான் பையை வைக்க மறந்துவிட்டேன் என்றால், ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.