தானே அணையும் அடுப்பு: காலவரம்பு காப்பாகவும் வேண்டும், அறிவிப்பாகவும் வேண்டும்

விறகடுப்பு எரிபொருள் தீர்ந்தால் அணையும். எரிவாயு அடுப்பை அணைக்க மனிதரின் கை வேண்டும். மின்தூண்டல் அடுப்போ, குறித்த நேரம் கடந்ததும் எவரும் தொடாமலே தன்னை அணைத்துக்கொள்கிறது. மக்கள் ‘இண்டக்‌ஷன் அடுப்பு’ என்று வழங்கும் இச்சாதனம் நம் நாட்டில் விரைந்து பரவி வருகிறது. 20 லட்சம் அடுப்புகளை மக்களிடம் சேர்க்கும் நோக்குடன் தேசியத் திறன்மிகு சமையல் திட்டம் 2023-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஆகவே, இவ்வடுப்பின் இந்த இயல்பைப் பற்றி மக்களுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் வந்து சேர்கிறது.

பஞ்சாபில் கறுப்பு உளுந்தைத் தணலின்மீது இரவெல்லாம் வேகவிடும் வழக்கம் உண்டு. டில்லியிலும் லக்னோவிலும் நிஹாரி என்னும் இறைச்சி உணவு இரவு முழுவதும் மெல்லிய சூட்டில் வேகும். இத்தகைய பண்டங்களை மின்தூண்டல் அடுப்பில் ஏற்றிவிட்டு உறங்கச் செல்பவர், விடியலில் ஆறிப்போன பாத்திரத்தையே காண்பர். அடுப்பு பழுதுற்றதென அவர் எண்ணுதல் இயல்பே. ஆனால் அது பழுதன்று, அமைப்பு.

கண்ணாடித் தட்டின் கீழுள்ள கம்பிச்சுருளில் மிகுந்த அதிர்வெண்ணுடைய மாறுமின்னோட்டம் பாய்கிறது. அதனால் மாறும் காந்தப்புலம் இரும்புப் பாத்திரத்தின் அடியில் சுழல்மின்னோட்டத்தைத் தூண்ட, பாத்திரமே வெப்பமடைகிறது. தீச்சுடரும் புகையும் இல்லாமையால், அடுப்பு இயங்குவதை மறந்துவிடுவது எளிது. நீர் வற்றினாலோ எண்ணெய் மிகக் காய்ந்தாலோ விபத்து நேரலாம். கண்ணாடியின் அடியில் வெப்ப உணர்வி ஒன்று உண்டெனினும், இடையே கண்ணாடி இருப்பதால் பாத்திரத்தின் சூட்டை அது சற்றுத் தாமதித்தே அறிகிறது. எனவே இரண்டாம் காவலாகக் கடிகாரம் வைக்கப்பட்டுள்ளது. கடைசியாகப் பொத்தானை அழுத்திய நேரத்திலிருந்து கணக்கிட்டு, பல அடுப்புகள் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடுகின்றன. இக்காவல் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

எனினும், இது அமைந்துள்ள முறையில் இரு குறைகள் உள என்பது என் கருத்து.

முதலாவது, பெயர்க் குழப்பம். நாம் விரும்பிக் குறிக்கும் சமையல் நேரமும், உற்பத்தியாளர் விதித்த காலவரம்பும் ‘டைமர்’ என்னும் ஒரே சொல்லால் வழங்குகின்றன. முன்னது நம் கட்டளை. பின்னது நம்மீதுள்ள கட்டுப்பாடு. வழிகாட்டி ஏடுகளை மொழிபெயர்ப்போர் இவ்விரண்டையும் சமையல் நேரம், காலவரம்பு எனப் பிரித்து வழங்குதல் நலம். காலவரம்பு ஏட்டின் உட்பக்கத்தில் ஒளிந்திராமல் அடுப்பின் முகப்பிலேயே அச்சிடப்பெற வேண்டும்.

இரண்டாவது, எல்லாச் சூட்டுநிலைக்கும் ஒரே வரம்பு விதிப்பது. 2,000 வாட் திறனில் இரண்டு மணி நேரம் எரிந்தால் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். சராசரி 200 வாட்டில் ஆறு மணி நேரம் எரிந்தாலும் 1.2 யூனிட்தான் ஆகும். பின்னதில் வெளிப்படும் வெப்பம் முன்னதில் மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. கடிகாரமோ பின்னதையே நடுவில் நிறுத்துகிறது. உயர்ந்த சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரமும், தாழ்ந்த சூட்டில் பல மணி நேரமும் அனுமதிக்கும் அடுப்புகள் ஐரோப்பாவில் பல்லாண்டுகளாக வழக்கில் உள்ளன. இங்கு விற்கப்படும் அடுப்புகளிலும் அம்முறை பரவ வேண்டும். அணைவதற்குச் சில நிமிடம் முன்னர் எச்சரிக்கை ஒலியும், அணைந்தபின் அதனை உணர்த்தும் விளக்குக் குறியும் அமைதல் வேண்டும்.

ஒசையின்றி அணைவது உணவுக்கும் தீங்கானது. 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆறிய உணவில் நோய்க்கிருமிகள் பெருகத் தொடங்கும். அவற்றுட் சில உண்டாக்கும் நஞ்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. ராஜ்மாப் பயற்றிலோ இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. கொதிநீரில் நன்கு வெந்தால்தான் அது சிதையும். கொதிநிலைக்குத் தாழ்ந்த மெல்லிய சூட்டில் நெடுநேரம் கிடந்தாலும் அது முழுதும் சிதையாமல் போகக்கூடும். எப்பொழுது அணைந்ததெனத் தெரியாத பாத்திரத்தைச் சூடாக்கிப் பரிமாறுவது, விடுதி மாணவர் பலரை ஒருங்கே நோயுறச் செய்யக்கூடும்.

அடுப்புகள் திருந்தும்வரை நாம் மக்களுக்குக் கூறத்தக்கவை எளியன. பயற்றை முன்னிரவிலேயே ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைக்க வேண்டும். தூண்டல் அடுப்புக்கு ஏற்ற அடியுள்ள பிரஷர் குக்கரைப் பயன்படுத்தினால், பெரும்பாலான பருப்பும் பயறும் காலவரம்புக்குள்ளேயே வெந்துவிடும். நெடுநேரம் வேகவேண்டியதைப் பகலில், ஒருவர் அருகிருக்கும் பொழுதில் சமைத்து, வரம்பு முடியுமுன் பொத்தானை மீண்டும் அழுத்தலாம். மின்தடை ஏற்பட்டு மின்சாரம் திரும்பினாலும் இவ்வகை அடுப்புகள் பெரும்பாலும் தாமே இயங்கத் தொடங்குவதில்லை என்பதையும் நினைவூட்டல் வேண்டும்.

ஆசிரியர்கள் மேற்கூறிய யூனிட் கணக்கை வகுப்பில் மாணவரைக்கொண்டே போட்டுப் பார்க்கச் செய்யலாம். தம் வீட்டு அடுப்பின் காலவரம்பு எவ்வளவு என்பதை மாணவர் அறிந்து வரின், அச்செய்தி அன்றே பெற்றோரிடமும் சென்று சேரும். களப்பணியாளர் செயல்விளக்கம் காட்டும்போது, அடுப்பை ஏற்றும் முறையோடு, அது எப்பொழுது தானே அணையும் என்பதையும் தவறாது கூறுவாராக.