மேடைக்கு ஸ்பான்சர் கிடைக்குது, ரிகர்சலுக்கு யார் தருவா? பாடகர் குழுக்களின் பணக் கணக்கு

ஒரு கொயர் நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் பிடிப்பது ரொம்பக் கஷ்டமான வேலை இல்லை. டிசம்பர் மாதம், நல்ல ஹால், மேடைக்குப் பின்னால் பெரிய பேனர், அதில் கடையின் லோகோ. யாராவது ஒருவர் ஓகே சொல்லிவிடுவார். அதே குழு, "வாராவாரம் பாடிப் பழக ஒரு ரூம் வேணும், கீபோர்டு வாசிக்கிறவருக்குப் பணம் தரணும்" என்று கேட்டுப் பார்க்கட்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. குழுக்கள் மேடைக்காக நிதி கேட்கின்றன. கொடுப்பவர்களும் மேடைக்குத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் குழுவை உயிரோடு வைத்திருப்பது ரிகர்சல். கேட்பதும் கொடுப்பதும் அதற்காக இருந்தால்தான் அடுத்த வருஷமும் அந்தக் குழு இருக்கும்.

கொயர்னா சர்ச் மட்டும்தானா?

தமிழ்நாட்டில் கொயர் என்றதும் தேவாலயம் நினைவுக்கு வருவது இயல்பு. பலரும் நான்கு குரல் இசையை முதலில் கேட்பது அங்கேதான். ஆனால் அதற்கு வெளியேயும் நீண்ட வரலாறு உண்டு. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் தொடங்கியது 1893-ல். 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைத்த எம்.பி.சீனிவாசன், மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, பாரதியார் பாடல்களைப் பல குரல்களில் பாட வைத்தார்.

அவரைப் பற்றி இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ள வேண்டும். சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைக்க முன்னின்றவர்களில் அவர் முக்கியமானவர். ஆர்வத்துக்காகப் பாடும் இளைஞர்களையும் சேர்த்தார், வாசிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் உரிமைக்காகவும் நின்றார். இன்றைய குழுக்கள் குழப்பிக்கொள்வது இந்த இரண்டையும்தான். பாடுபவர் சம்பளம் வாங்காமல் பாடலாம். அதற்காக கீபோர்டு கலைஞரும் பயிற்சி தருபவரும் இலவசமாக வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சரி, காசு எங்கே போகுது?

ஒரு கொயரில் பொதுவாக நான்கு பிரிவுகள்: சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ். ஒவ்வொரு பிரிவும் தன் பகுதியைத் தனியாகப் படித்து, பிறகு எல்லாரும் சேர்ந்து பாட வேண்டும். மேடையில் ஐந்து நிமிடம் கேட்கும் பாட்டுக்குப் பின்னால் பல வார உழைப்பு இருக்கிறது. அந்த வாரங்கள் எல்லாவற்றுக்கும் இடம், கரண்ட், கீபோர்டு, வாசிக்க ஆள் தேவை.

அடுத்தது இசைத் தாள்கள். ஹேண்டல், பாக் போன்ற பழைய மேதைகளின் படைப்புகளை இணையத்தில் சட்டப்படியே இலவசமாக எடுக்கலாம். இன்று எழுதுகிறவர்களின் இசைக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். ஒரு பிரதி வாங்கி நாற்பது ஜெராக்ஸ் போடுவது காப்புரிமை மீறல். பாரதியார் வரிகள் எல்லாருக்கும் சொந்தம். ஆனால் அந்த வரிகளுக்கு ஒருவர் இன்று எழுதும் நான்கு குரல் அமைப்பு அவருக்குச் சொந்தம்.

கணக்கில் வராத செலவு ஒன்றும் உண்டு: பஸ், ஆட்டோ காசு. நல்ல குரல் உள்ள ஒரு காலேஜ் மாணவி, ரிகர்சல் முடிய இரவாகிவிடும் என்பதால் வராமல் நின்றுவிடுவாள். வீட்டுக்குப் போக ஒரு ஆட்டோ ஏற்பாடு செய்தால் அவள் வருவாள். இதற்கு எந்த ஸ்பான்சரும் பேனர் வைக்க மாட்டார்.

டிக்கெட் வித்தா போதாதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 இருக்கைகள், தலைக்கு 300 ரூபாய், ஹவுஸ்ஃபுல் என்றே வைத்துக்கொண்டாலும் 90,000 ரூபாய். ஹால் வாடகை, சவுண்டு, லைட், போஸ்டர் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். பாடுகிறவர்களின் அம்மா, அப்பா, சித்தி, மாமா வகையில் போகும் ஃப்ரீ பாஸ் தனி. மிச்சம் நின்றாலும் அதை வைத்து ஒரு வருஷம் ஓட்ட முடியாது.

சட்டத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டம், அமெச்சூர் குழுக்கள் கட்டணம் வாங்காமல் பாடினாலோ, மத நிறுவனத்தின் நன்மைக்காகப் பாடினாலோ விலக்கு தருகிறது. பொதுவான குழு டிக்கெட் போட்டால் அந்த விலக்கு போய்விடும். காப்புரிமை உள்ள பாட்டுக்கு உரிமம் வாங்க வேண்டிவரும்.

ஹேண்டல் கதை சொல்லும் பாடம்

ஹேண்டலின் 'மெசையா' முதலில் அரங்கேறியது 1742 ஏப்ரல் 13 அன்று, அயர்லாந்தின் டப்ளின் நகரில். அதுவே ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிதான். இன்னும் கொஞ்சம் பேருக்கு இடம் கிடைக்கட்டும் என்று ஆண்களை வாள் இல்லாமலும், பெண்களைப் பாவாடையை விரித்துக் காட்டும் வளையம் இல்லாமலும் வரச் சொன்னார்கள். சுமார் 400 பவுண்டு சேர்ந்தது. மருத்துவமனைகளுக்குப் பங்கு போனது. கடனுக்காகச் சிறையில் இருந்த 142 பேர் வெளியே வந்தார்கள்.

அருமையான கதைதான். ஆனால் வசூலை அப்படியே தூக்கிக் கொடுக்க எப்படி முடிந்தது? பாடிய கோரஸ், நகரின் இரண்டு கதீட்ரல்களைச் சேர்ந்தது. அந்தப் பாடகர்களுக்கு அங்கே ஏற்கெனவே சம்பளம் இருந்தது. குழுவைப் பராமரிக்கும் செலவை வேறு யாரோ ஏற்றிருந்ததால்தான் ஒரு ராத்திரி வசூல் தர்மத்துக்குப் போக முடிந்தது. இங்கே பல குழுக்கள் தங்கள் கையில் ஒன்றும் இல்லாமலேயே மற்றவர்களுக்காக நிதி திரட்டிக் கொடுக்கின்றன.

80ஜி, சிஎஸ்ஆர் எல்லாம் இருக்கே?

இருக்கிறது. ஆனால் பெரிதாக நம்ப முடியாது. புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவு கிடையாது. சம்பளம் வாங்கும் இளைஞர்களிடம் "டேக்ஸ் மிச்சமாகும்" என்று சொல்லி நன்கொடை கேட்பது இனி பலிக்காது. கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பட்டியலில் கலை, பண்பாடு உண்டு. ஆனால் அதை வாங்கும் வெளி அமைப்புக்குப் பதிவுகளோடு மூன்று வருஷ அனுபவமும் வேண்டும். போன வருஷம் தொடங்கிய குழுவுக்கு அந்தக் கதவு திறக்காது. கனடா குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் அனுப்பும் பணத்துக்கு எஃப்சிஆர்ஏ அனுமதி வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தரும் பணத்துக்கு அது தேவையில்லை.

அப்போ என்னதான் பண்றது?

* மாதாமாதம், சின்னத் தொகையாக: 50 பேர் மாதம் 200 ரூபாய் கொடுத்தால் 10,000. யுபிஐ ஆட்டோபே போட்டுவிட்டால் யாரும் யாரையும் துரத்த வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை கெஞ்சுவதைவிட இது மரியாதை.
* எதற்கு என்று சொல்லிக் கேட்கலாம்: "கொயரை ஆதரியுங்கள்" என்றால் மனசில் நிற்காது. "இது ஒரு ரிகர்சலுக்கான ரூம் வாடகை, இது ஒரு மாணவியின் ஒரு மாத ஆட்டோ செலவு" என்றால் நிற்கும்.
* சந்தா இயன்ற அளவு: எல்லாருக்கும் ஒரே தொகை என்றால் வேலை தேடுகிறவர்தான் முதலில் விலகுவார். ஐடி சம்பளம் வாங்குபவர் இரண்டு பேருக்கான சந்தாவைக் கட்டலாம். யாருக்காக என்று அவருக்குத் தெரியவே வேண்டாம்.
* கணக்கு எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும்: பணம் கண்டக்டரின் சொந்த ஜிபே நம்பருக்கு வரக் கூடாது. குழு பெயரில் கணக்கு, மாதம் ஒருமுறை வரவு செலவு வாட்ஸ்அப் குரூப்பில். நல்ல குழுக்கள் உடைவது பெரும்பாலும் சுருதி சேராமல் இல்லை, கணக்கு சேராமல்தான்.

"சாப்பாட்டுக்கே வழியில்லாதவர்கள் இருக்கும்போது பாட்டுக்குக் காசா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலுக்கு, கொயர் ஏழைகளுக்கு உதவுகிறது என்று பூசி மெழுக வேண்டாம். ஜாதி, மதம், சம்பளம் வித்தியாசம் பார்க்காமல் நாற்பது பேர் வாராவாரம் ஒரு ரூமில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரின் குரலைக் காதில் வாங்கிப் பாடும் இடங்கள் நம் ஊரில் எத்தனை இருக்கின்றன? சினிமா டிக்கெட்டுக்கும் பாப்கார்னுக்கும் கணக்குப் பார்க்காதவர்கள் இதற்கு மாதம் 200 ரூபாய் கொடுப்பது ஆடம்பரம் ஆகாது.

இந்த டிசம்பரில் ஏதாவது ஒரு கொயர் நிகழ்ச்சிக்குப் போனால், கைதட்டி முடித்ததும் அங்கே இருக்கும் ஒருவரிடம் "ஜனவரியில் ரிகர்சல் எங்கே நடக்கும், அதற்கு என்ன செலவாகும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குப் பணம் அதிகம் தேவைப்படுவது அந்த மாதத்தில்தான்.