கூடிக் கேட்கும் இன்பம்

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 2004 முதல் 2025 வரை இடம்பெற்ற ‘ஹை எண்ட்’ ஒலிக்கருவிக் கண்காட்சிக்கு, ஓராண்டு நம் பழைய மாணவர் மூவர் சென்றிருந்தோம். அங்குள்ள சில ஒலிபெருக்கிகளின் விலைக்குப் பதுளையில் வீடே வாங்கலாம்! சுவரும் தரையும் எதிரொலிப்பதால், கருவியைப் போன்றே அறையும் ஒலியை ஆக்குகின்றது என விளக்கினர். மெய்யே. ஆயின் அறையினும் பெரிது, உடனிருந்து கேட்போர் என்பேன்.

1960களில் ஊவாத் தோட்ட லயத்தில் ஒரே பெட்டியைச் சூழ்ந்திருந்து இலங்கை வானொலியைக் கேட்டோம். சிற்றலையில் ஒலி மங்கும், ஓங்கும், இன்பமோ குன்றியதில்லை. இன்று மாணவர் தனித்தனியே செவியில் கருவி பொருத்திக் கேட்கின்றனர். தெளிவு மிகுந்தது, பகிர்வு குறைந்தது.

ஆதலின் அன்பர்களே, விழா நினைவாகக் கல்லூரி மண்டபத்தில் நல்ல ஒலிக்கருவி ஒன்றை அமைப்போம். திங்களுக்கொரு மாலை மாணவரும் தோட்டத்துப் பெற்றோரும் அங்கே கூடிக் கேட்கட்டும்!