அந்தக் காரை விக்கச் சொல்லாதைங்கோ

டொமினிக் ரொறெற்றோ ஓடின 1970 டொட்ஜ் சார்ஜரைப் பற்றிக் கேட்டால் எங்கட செற்றில ஒவ்வொருத்தரும் அரை மணித்தியாலம் கதைப்பம். எத்தினை குதிரைவலு, பொனற்றுக்கு மேல நீட்டிக்கொண்டு நிக்கிறது என்ன, எல்லாம் பாடம். வேலணையில எங்கட தோழி ஒருத்தியின்ர அப்பப்பா வைச்சிருக்கிற ஒஸ்ரின் ஏ40 சோமசெற் எந்த ஆண்டுக் கார் எண்டு கேட்டால் முழிப்பம். (1952க்கும் 1954க்கும் இடையில செய்தது. 1200 சிசி, 42 குதிரைவலு. சிரிக்கிறவை சிரிக்கலாம்.)

போன மாதம் அதை வாங்கக் கொழும்பில இருந்து ஒரு தரகர் வந்தார். "ஐயா, உப்புக்காத்தில நிண்டு கறள் பிடிக்கிறதுக்கு, நல்ல விலைக்குக் குடுங்கோவன்" எண்டார். அப்பப்பா தேத்தண்ணி குடுத்து அனுப்பிப்போட்டார். உடன குடும்பத்துக்குள்ள பட்டிமன்றம் துவங்கிற்று. கனடாவில இருக்கிற சித்தப்பா "விக்காதைங்கோ, நான் வரேக்க ஓட வேணும்" எண்டு வட்சப்பில அழுதார். ரயருக்கு ஒரு சதம் அனுப்பேல்ல. இங்க இருக்கிற மாமா "பழசைக் கட்டிப்பிடிச்சு என்ன லாபம்" எண்டார். ரெண்டு பேரிலும் எங்களுக்குக் கோபம்.

மாமாவுக்கு முதல் பதில். 1990இல திரும்பச் சண்டை துவங்கினதோட யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. அப்ப இந்தக் குடாநாட்டில ஓடினது இந்தக் கிழட்டுக் கார்கள்தான். சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திவிடுவினம். பின்னால வெள்ளைப் புகை, கண் எரியும், ஆனால் கார் ஓடும். காரணம், அந்தக் கால எஞ்சின்களின்ர அழுத்த விகிதம் குறைவு. மட்டமான எரிபொருளையும் சகிச்சுக்கொள்ளும். எங்கட கனவு சார்ஜருக்கு அழுத்தம் கூட. அதுக்கு மண்ணெண்ணெய் விட்டிருந்தால் தட்டித் தட்டியே எஞ்சின் செத்திருக்கும். பிள்ளைப்பேற்றுக்காரியையும் காயக்காரரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது 42 குதிரைவலுதான். தீவுப்பகுதிச் சனம் இடம்பெயரேக்க அப்பப்பாவும் காரைப் பண்ணைப் பாலத்தால கொண்டுபோய், பிறகு திருப்பிக் கொண்டுவந்தவர். வீட்டுக் கூரையைக் கொண்டுவர ஏலேல்ல.

அதின்ர இலக்கத்தகட்டையும் ஒருக்கால் பாருங்கோ. இங்கிலிஷ் எழுத்து. 1957 ஜனவரியில இருந்து பதிஞ்ச வாகனங்களுக்குத்தான் சிங்கள ஸ்ரீ வந்தது. அந்த ஓர் எழுத்துக்காக நடந்த போராட்டமும் தார் பூசலும் 1958 கலவரம் வரைக்கும் எங்க கொண்டுபோய் விட்டது எண்டது அரசியல் விஞ்ஞானம் படிக்கிற எங்களுக்குத் தெரியும், பரீட்சைக்கு எழுதுறம். அந்த எழுத்துக்கு முந்தின தகடு ஒண்டு வேலணைக் கொட்டிலுக்குள்ள நிக்குது எண்டது மட்டும் தெரியாது.

ஆனால் சித்தப்பா மாதிரிப் பழசை உருகி உருகிப் பாக்கவும் நாங்கள் தயாரில்லை. 2022இல பெற்றோல் வரிசையில நிக்கேக்க "பழைய வித்தையைக் காட்டுவம்" எண்டு நாங்களும் பகிடி விட்டனாங்கள். ஆகஸ்டில மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து 340 ரூபாவுக்குப் போச்சு. குறிகட்டுவானிலயும் நெடுந்தீவிலயும் வள்ளக்காரரே கடலுக்குப் போக வழியில்லாமல் நிக்க, வித்தை எங்க பலிக்கிறது?

விக்க வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லுறது காசுக்கணக்கில இல்லை. கொழும்புக்குப் போனால் அது ஏசி கராஜுக்குள்ள பளபளப்பாய் நிக்கும், வருசத்தில ஒரு நாள் ஊர்வலம் போகும். இங்க இருந்தால் அப்பப்பா பிளக்கைக் கழட்டி மண்ணெண்ணெயில கழுவுவார், கார்பரேற்றரை ஊதுவார், ஒரு சத்தத்தைக் கேட்டே வருத்தம் சொல்லுவார். கார் போனால் அந்தக் காதும் போயிடும். 2020 மார்ச்சில இருந்து 2025 தொடக்கம் வரைக்கும் வாகன இறக்குமதி நிண்ட நாடு இது. புதுசு வாங்கிறது எங்கட தலைமுறைக்குக் கனவு. பழசைத் திருத்தத் தெரிஞ்சவர் ஒருத்தர் பக்கத்தில இருக்க, நாங்கள் என்ன செய்தனாங்கள்? கலியாணப் படப்பிடிப்புக்குக் காரை இரவல் கேட்டம். ஜாக்கைப் பிடிக்கச் சொல்ல, போனை எடுத்துப் படம் பிடிச்சம். "கை ஊத்தையாகும் எண்டு பயமோ பிள்ளையள்" எண்டு கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கேல்ல.

வாற சனிக்கிழமை கீழ்த்தகடு கறள் சுரண்ட வேணும். சித்தப்பாட்ட ரயர்க் காசு கேட்டு எழுதியாச்சு. வாறவை பழைய உடுப்போட வாங்கோ, காலமை ஏழு மணிக்கு முதல்.