முதலில் முகமூடி, அப்புறம் மெஷின்

சங்கரன்கோவிலில் வெல்டிங் பழகப் போகிறேன் என்றால் வரும் முதல் கேள்வி: "ஏல, எத்தனை ஆம்ப்ஸ் மெஷின் வாங்கப் போற?"

மக்களே, ஜன்னல் கிரில்லுக்கு அடிக்கும் 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்ப்ஸ் போதும். பெட்டியில் 400 என்று அச்சடித்திருந்தால் என்ன லாபம்? டூட்டி சைக்கிளைக் கேளுங்கள். 60 சதவீதம் என்றால், அந்த ஆம்ப்ஸில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம்தான் அடிக்கலாம்.

மிச்சக் காசில் 11-ம் நம்பர் கறுப்புக் கண்ணாடி போட்ட முகமூடி வாங்குங்கள். பட்டறைப் பையன்கள் வெறும் கூலிங் கிளாஸோடு அடிக்கிறார்கள். ஆர்க்கின் புற ஊதாக் கதிர் கருவிழியைச் சுடும். வலி பல மணி நேரம் கழித்து, ராத்திரியில்தான் தெரியும். உருளைக்கிழங்கை வெட்டி வைப்பது வைத்தியமே இல்லை.

முகமூடி தராமல் தொழில் கற்றுத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். மெஷின் போனால் இன்னொன்று வாங்கலாம். கண் போனால்?