முப்பது டாலரும் மூடிய வாயும்

தோழா!

மேடை ஒன்றை மனக்கண்முன் நிறுத்திக்கொள். திரை உயர்கிறது. வழக்கு மன்றம். வாதிகளின் பக்கத்திலே நிற்பது ஒருவரல்லர், இருவரல்லர். 25 கோடிக்கு மேற்பட்ட மக்கள்! எதிரே, உலகப் பெருஞ்செல்வ நிறுவனங்களிலே ஒன்று. இப்படியொரு காட்சியை நான் நாடகத்தில் எழுதியிருந்தால், "நடக்கக்கூடியதை எழுதுமய்யா!" என்று குழுத் தலைவர் என் ஏட்டைத் தூக்கி எறிந்திருப்பார். ஆனால் நடந்தது. அமெரிக்க நாட்டின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து மன்றத்திலே நடந்தது.

வழக்கு எதனால் எழுந்தது? பேஸ்புக் எனும் முகநூலிலே ஒரு வினாவிடைச் செயலி வந்தது. 'உன் குணம் எத்தகையது, கண்டு சொல்கிறோம்' என்றது. அமைத்தவர் அலெக்சாண்டர் கோகன், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர். ஏறத்தாழ 2,70,000 பேர் விடையளித்தனர். விடையளித்தவர் அவர்கள், அகப்பட்டவரோ அவர்களுடைய நண்பர்களெல்லாம்! எட்டுக் கோடியே எழுபது லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று 2018-இல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தத் தகவல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் தொழில் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2015 டிசம்பரிலேயே பத்திரிகையில் சேதி வெளிவந்தது. 'அழித்துவிடுங்கள்' என்று கேட்டுக்கொண்டு, அத்தோடு ஓய்ந்தது முகநூல். பறிகொடுத்தவனுக்கு ஒரு வரி? இல்லை! 2018 மார்ச்சில் கிறிஸ்டோபர் வைலி வாய்திறந்த பிறகன்றோ உலகம் விழித்தது!

வழக்கு வந்தது. நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் 2019-இல் எடுத்து வைத்த வாதத்தைக் கேள், தோழா. நண்பர்களிடம் தானே முன்வந்து சொல்லிவிட்ட சேதியிலே அந்தரங்கம் ஏது, என்றார்கள். எவ்வளவு விந்தையான நியாயம்! திண்ணையிலே அமர்ந்து நாலு நண்பரிடம், "மகளுக்கு வரன் பார்க்கிறேன், கையிலே காசில்லை" என்கிறாய். திண்ணைக்கு உரியவன் அதை ஒட்டுக்கேட்டு வட்டிக்கடைக்காரனிடம் விற்றுவிடுகிறான். ஏனப்பா என்றால், "நாலு பேரிடம் நீயே சொன்னாயே, இனி அது உன் இரகசியமா?" என்கிறான். நாலு பேரிடம் சொன்னது நாட்டுக்கே சொன்னதாகுமா? அந்த நாலு பேரை நம்பித்தானே சொன்னான்! நீதிபதி வின்ஸ் சாப்ரியா அந்த வாதத்தைத் தவறென்று தள்ளினார். வழக்கு உயிர்பிழைத்தது அந்த இடத்திலேதான்.

2022 டிசம்பரில் இணக்கம் ஏற்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 72 கோடியே 50 லட்சம் டாலர் தர இசைந்தது நிறுவனம். 2007 மே 24 முதல் 2022 டிசம்பர் 22 வரை அமெரிக்காவில் இருந்தபடி முகநூல் கணக்கு வைத்திருந்த எவரும் பங்கு கேட்கலாம்; அங்கே பணிபுரியும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் அந்த உரிமை இருந்தது. 2023 ஆகஸ்ட் 25-க்குள் மனுச் செய்யவேண்டும். கணக்கு உயிரோடிருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு புள்ளி, புள்ளிக்கேற்பப் பங்கு. (தகவல் திருடு போனதற்கு ஈடு கேட்கவும் பெயர், முகவரி, பணம் வாங்கும் வழி எல்லாம் எழுதித்தான் தரவேண்டியிருந்தது. சிரிக்காதே!) நிதியில் நாலில் ஒரு பங்கு வழக்கறிஞர்களின் ஊதியமாகப் போயிற்று. 2025-இல் பணம் வந்தபோது ஆளுக்குச் சராசரியாகச் சுமார் முப்பது டாலர்.

"முப்பது டாலருக்கா இத்தனை முழக்கம்?" என்று கேட்பாய். முப்பது டாலருக்காக ஒருவன் தனியே வழக்குத் தொடுப்பானா? மாட்டான். வழக்கறிஞரின் வாசற்படி மிதிக்கவே அது போதாது. அது தெரிந்துதான் பெருமுதலாளி துணிகிறான்: ஒவ்வொருவனிடமும் சிறிது சிறிதாக எடு, எவனும் கேட்கமாட்டான்! அந்தக் கணக்கைப் புரட்டிப்போடுவதுதான் கூட்டு வழக்கு.

நான் சட்டம் பயின்றவனல்லன். கல்லூரியையே பாதியில் விட்டவன். ஆனால் அந்த உடன்பாட்டில் ஓரிடம் என்னைத் திடுக்கிடச் செய்தது. 'விலகுகிறேன்' என்று எழுதிக்கொடுத்தவன் தனியே வழக்காடலாம். 'சேருகிறேன்' என்று மனுச் செய்தவன் பங்கு பெறலாம். இரண்டும் செய்யாது சும்மா இருந்தவன்? அவனுக்குப் பணமும் இல்லை, இனி அதே குறைக்காக வழக்காடும் உரிமையும் இல்லை! 25 கோடிக்கு மேற்பட்டோரில் மனுச் செய்தவர் மூன்று கோடிகூட இல்லை. மற்றவர்கள் உரிமையை விற்றுவிட்டார்கள், விலைகூட வாங்காமல்.

நமக்கென்ன என்று எண்ணாதே. அந்தச் செயலியை இந்தியாவில் நிறுவியவர் 335 பேர். அவர்களையும் சேர்த்து இந்தியாவில் 5,62,455 பேரின் தகவல் போயிருக்கலாம் என்று நிறுவனமே 2018-இல் சொன்னது. அமெரிக்க நிதியிலே அவர்களுக்கு ஒரு காசு கிடையாது. இங்கே கேட்கலாமே என்கிறாயா? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவிலே, ஒரே குறையுடைய பலருக்காகச் சிலர் வழக்காட வழி உண்டு. ஆனால் அதே சட்டம், இலவசமாகத் தரப்படும் சேவையைச் சேவைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை! முகநூலுக்கு நாம் காசு கொடுக்கவில்லையாம். நம்மையே கொடுத்தோமே, அது விலையாகாதா?

2023-இல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடந்தருகிறது. யாருக்குப் போகும் அந்தப் பணம்? ஒன்றிய அரசின் கருவூலத்துக்கு! பாதிக்கப்பட்டவனுக்கு ஈடு தர இருந்த பழைய சட்டத்தின் 43-ஏ பிரிவையும் நீக்கிவிடும்படி அதிலே எழுதிவைத்தார்கள். வீட்டிலே திருட்டுப் போனவன் நீ. தண்டம் வாங்குவது அரண்மனை. அமெரிக்காவிலும் 2019-இல் ஐந்நூறு கோடி டாலர் தண்டம் அரசுக்குத்தான் போயிற்று. ஆனால் மக்கள் தங்கள் வழக்கைத் தனியே நடத்த அங்கே கதவு திறந்திருந்தது.

ஆகவே நாடாளுமன்றத்திலே நம் உறுப்பினர்கள் எழுந்து கேட்கவேண்டியவை இரண்டு. தண்டத்தில் ஒரு பங்கு, தகவலைப் பறிகொடுத்தவனின் கைக்குப் போகட்டும். தகவலை விலையாக வாங்கும் சேவையை இனி இலவசம் என்று சட்டம் சொல்லாதிருக்கட்டும்.