பல்லுக்குள் ஒரு பேலன்ஸ் ஷீட்

நான் படிப்பது பி.காம். பல் மருத்துவத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே உறவு, கீழே வலது பக்கக் கடைவாய்ப்பல். போன மாதம் அதற்கு வேர் சிகிச்சை ஆரம்பித்தார்கள். முதல் கேள்வியே, "கையால பண்ணவா, ரோட்டரியா? ரோட்டரின்னா கொஞ்சம் கூட ஆகும்." தச்சநல்லூரிலிருந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனவனுக்கு என்ன தெரியும்? "நல்லதா பாத்து பண்ணுங்க சார்" என்றேன். வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான், நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியே வேறு என்று புரிந்தது.

கை ஃபைல் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பெரிய சைஸ் என்றால் விறைப்பு. வளைந்த வேரிலும் நேராகப் போகப் பார்த்து, சுவரைத் தப்பான இடத்தில் சுரண்டும். ரோட்டரி ஃபைல், நிக்கல் டைட்டானியம். பல்லுக்குக் கம்பி கட்டுகிறார்களே, அந்த உலோகம்தான். இதில் ஃபைல் செய்து பார்த்த ஆய்வு 1988ல் வந்தது. வேரோடு சேர்ந்து வளையும். இதுவரை என் ஓட்டு ரோட்டரிக்கே.

மறுபக்கம் பற்று இருக்கிறதே! நுனி 0.25 மி.மீ. உள்ள ஃபைல், 4 சதவீத டேப்பர் என்றால் 10 மி.மீ. மேலே 0.65 மி.மீ. தடிமன். 6 சதவீதம் என்றால் 0.85. குழாய் குறுகலாக இருந்தால் அந்த வித்தியாசம் நம் டென்டினிலிருந்துதான் போகும். அது முதல் மாதிரி. போனால் வராது. மெலிந்த பல் பின்னாளில் உடையவும் கூடும்.

சரி, அகலமாகச் சுரண்டினால் முழுக்கச் சுத்தமாகுமா? அதுவும் இல்லை. 2001ல் மேல் கடைவாய்ப்பற்களை மைக்ரோ சிடி எடுத்துப் பார்த்தார்கள். எந்த ஃபைல் போட்டாலும் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ தொடப்படாமலே இருந்தது. ஃபைல் வழிதான் போடுகிறது. கிருமியைக் கொல்லும் வேலையில் பெரும்பங்கு சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு. அது அடிவரை போகும் அளவுக்கு வழி இருந்தால் போதும் என்பது என் கட்சி.

திரவம் சின்ன விஷயமா? வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போனவர்களில் 8 பேர் மூளைத் தொற்றில் இறந்த செய்தி நினைவிருக்கும். 2025ல் வெளிவந்த ஆய்வு காட்டிய காரணம், சுத்தம் செய்யாத கருவியால் திறந்து, மறுபடி மறுபடி பயன்படுத்திய சலைன் பாட்டில்.

ஆனால் நம்மிடம் விலை சொல்வது மெஷினுக்கு மட்டும். எதை வைத்துக் கழுவுவீர்கள், எவ்வளவு நேரம், பாட்டில் எப்போது திறந்தது என்று நாமும் கேட்பதில்லை.

எனக்கு இன்னும் ஒரு சிட்டிங் பாக்கி. இந்த மூன்றையும் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன். திட்டு வாங்கினால் அதையும் :-)